முழங்கால் மடக்கமும் மெய்நிகர் உலகமும்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் தேய்ந்த எலும்பு முனைகள் சீவப்பட்டு, உலோகமும் உறுதியான பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கை மூட்டு பொருத்தப்படுகிறது. ஆனால் நோயாளிக்கு உண்மையான பாடு அதன் பிறகே தொடங்குகிறது. வீங்கிய மூட்டை உரிய காலத்தில் மடக்கி நீட்டாவிட்டால் உள்ளே வடுத்திசு இறுகி மூட்டு விறைத்துப்போகும் என்பதாலும், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதற்கே ஏறக்குறைய 90 பாகை மடக்கம் வேண்டும் என்பதாலும், வலிக்கு அஞ்சிப் பயிற்சியைத் தள்ளிப்போட இயலாது. படுத்தபடி குதிகாலைப் பிட்டத்தை நோக்கி மெல்ல இழுக்கும் எளிய பயிற்சியே பலரைப் பல்லைக் கடிக்க வைத்துவிடும். அந்தச் சில நிமிடங்களை எளிதாக்கவே விர்ச்சுவல் ரியாலிட்டி எனப்படும் மெய்நிகர் உண்மை பரிசோதிக்கப்படுகிறது.

இதற்கான தலையணிக் கருவி வெளிக்காட்சியை மறைத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் சற்றே மாறுபட்ட படத்தைக் காட்டி ஆழத்தை உண்டாக்குவதோடு, தலை திரும்பும் பக்கமெல்லாம் காட்சியையும் உடனுக்குடன் திருப்புவதால், அணிந்தவர் அந்த உலகத்துக்குள்ளேயே இருப்பதாக உணர்கிறார்.

இதை வலிக்கு எதிராகப் பயன்படுத்திய முன்னோடிகள் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்டர் ஹாஃப்மேனும் டேவிட் பேட்டர்சனும் ஆவர். சியாட்டில் நகரின் ஹார்பர்வியூ மருத்துவமனையில் தீக்காயம் பட்டோருக்காக 'ஸ்னோவேர்ல்ட்' என்னும் விளையாட்டை அவர்கள் உருவாக்கினர். பனிப் பள்ளத்தாக்கில் மிதந்தபடி பனிமனிதர்கள்மீதும் பெங்குவின்கள்மீதும் பனிப்பந்து எறிவதே அதன் ஆட்டம். தீயின் நினைவுக்கு நேர் எதிரான பனியைத் தேர்ந்ததில் நல்ல நுட்பம் இருக்கிறது. வலியை உணரவும் கவனம் தேவை என்பதும், கவனம் அளவுக்குட்பட்டது என்பதுமே அவர்களுடைய அடிப்படைக் கருத்து. உடல்நலமுள்ளவர்களுக்குச் சூட்டால் வலி உண்டாக்கி மூளையைப் படம்பிடித்த ஆய்வொன்றில், மெய்நிகர் உலகில் இருந்தபோது வலியோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளின் செயல்பாடு குறைந்ததை 2004-இல் ஹாஃப்மேன் குழுவினர் வெளியிட்டனர்.

முழங்காலில் ஒரு சிக்கல் உண்டு. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது நோயாளி மனத்தை வேறெங்கும் செலுத்தலாம். இங்கோ காலை அவரே இயக்கியாக வேண்டும். ஆகவே கெண்டைக்காலில் உணரி கட்டி, முழங்கால் மடங்கும் அளவுக்கே ஆட்டத்தில் படகு நகருமாறு அமைப்பது வெறும் காட்சியைவிடப் பொருத்தமானது. முழங்கால் நோயாளிகளிடம் இதுவரை நடந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. வலிமாத்திரைக்கு இது மாற்றும் அன்று. சிலருக்குக் குமட்டல் வருகிறது. தரை கண்ணுக்குத் தெரியாததால் விழும் அபாயம் இருக்க, உட்கார்ந்தோ படுத்தோ செய்வதே பாதுகாப்பு. கெண்டைக்கால் வலியும் வீக்கமும் இரத்தக்கட்டியின் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால், பயிற்சிக்கு முன்னரே இயன்முறை மருத்துவர் காலைப் பார்த்து, தொட்டு, கேட்டுக்கொள்வது அவசியம்.