திண்டுக்கல் பூட்டு: பாதுகாப்பு கனத்திலா, கணக்கிலா?

இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலைப் பூட்டுகிறோம். வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டுகிறோம். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் மனம் நிம்மதி அடைகிறது. ஆனால் அந்த இரும்புக்குள் என்ன நடக்கிறது என்று எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

கடையில் பூட்டு வாங்கும்போது பெரும்பாலோர் அதைக் கையில் தூக்கி எடை பார்க்கிறார்கள். ஆனால் கனம் மட்டும் காவல் ஆகாது. உண்மையான காவலாளிகள் உள்ளே இருக்கும் 'லீவர்' எனப்படும் மெல்லிய உலோகத் தகடுகள்தான்.

லீவர் பூட்டில் இத்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓர் ஆணியில் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு சிறு வெட்டு உண்டு. சாவியைத் திருப்பினால் அதன் பற்கள் தகடுகளைத் தூக்கும். எல்லா வெட்டுகளும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் தாழ் நகர்ந்து பூட்டு திறக்கும். ஒரே ஒரு தகடு சற்றுக் குறைவாக உயர்ந்தாலும், சற்று அதிகமாக உயர்ந்தாலும் தாழ் தடுக்கி நின்றுவிடும். இந்த இருவழித் தடுப்பு முறைக்கு இங்கிலாந்தின் ராபர்ட் பேரன் 1778-ல் காப்புரிமை பெற்றார்.

கணக்கைப் பாருங்கள். ஒரு லீவருக்கு 5 உயரங்கள் சாத்தியம் என்று வைத்துக்கொள்வோம். 4 லீவர் பூட்டுக்கு 625 விதமான சாவிகள் அமையும். 6 லீவர் என்றால் 15,625. இரண்டே தகடுகள் கூடியதற்கு இத்தனை வித்தியாசம்!

எல்லாம் ஒருசேரப் பொருந்தினால்தான் திறக்கும் என்ற இதே கருத்தை வேறு வடிவில் கையாண்டவர் முஸ்லிம் பொறியியல் மேதை அல் ஜஸரி. நான்கு வட்டுகளில் எழுத்துகளைப் பொருத்தித் திறக்கும் பெட்டிப் பூட்டை 1206-ல் முடித்த தம் நூலில் அவர் விவரித்திருக்கிறார்.

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி போன்ற ஊர்களில் தொழிலாளர்கள் இந்த லீவர்களைக் கையால் அராவி, சாவியோடு பொருத்துகிறார்கள். மாங்காய்ப் பூட்டு முதல் பெட்டிப் பூட்டு வரை அவர்கள் கைப்பட உருவாகின்றன. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் அலிகாரிலிருந்து வரும் விலை குறைந்த இயந்திரப் பூட்டுகளோடு போட்டியிட முடியாமல் இத்தொழில் நலிந்து வருகிறது. குறியீடு பெயரைக் காக்கும். தொழிலைக் காப்பது வாங்குகிறவர்தான்.

மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். பூட்டு வாங்கும்போது 'எத்தனை லீவர்?' என்று கேளுங்கள். பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசி சேர்ந்து பிசுக்காகி லீவர்கள் ஒட்டிக்கொள்ளும். பென்சில் கரியைச் சாவியில் தேய்த்துப் பலமுறை திருப்பினால் போதும். மாற்றுச் சாவி செய்யும்போது தேய்ந்த சாவியைக் கொடுக்காதீர்கள், அந்தத் தேய்மானமும் சேர்ந்தே நகலாகிவிடும்.

இன்றிரவு கதவைப் பூட்டும்போது அந்தச் சின்ன 'கிளிக்' ஓசையைக் கவனியுங்கள். அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் அரத்தோடு உட்கார்ந்து உழைத்த உழைப்பு இருக்கிறது.