குருவிக் குஞ்சுக்கு அரிசி போதுமா?

மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவிகள் நாள். 2010-ஆம் ஆண்டிலிருந்து கடைப்பிடிக்கப்படும் இந்நாள் பெரும்பாலும் தவக்காலத்தில் வருகிறது. அதனால் மறைக்கல்வி மாணவர்களைக் கொண்டு அட்டைப் பெட்டியில் கூடு செய்து தொங்கவிடுகிறோம்; ஒரு பிடி அரிசியும் தூவுகிறோம். நல்ல செயல். ஆனால் அந்தக் கூட்டில் பொரிக்கும் குஞ்சு எதைத் தின்னும் என்று நாம் கேட்பதில்லை.

வளர்ந்த குருவிக்கு நொய், கம்பு, தினை போதும். குஞ்சுக்குப் போதாது. பொரித்த முதல் நாள்களில் அதற்கு வேண்டியது பச்சைப்புழு, அசுவினி, சிறு வண்டு போன்ற மென்மையான உணவு. தசையும் இறகும் வளர்ந்து, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அது பறந்தாக வேண்டும். முற்றம் நிறைய அரிசி கிடந்தாலும் புழு கிடைக்காத கூட்டில் குஞ்சு பட்டினியால் சாகும்.

மேலைநாடுகளில் இதற்காக மாவுப்புழுக்களைக் கடையில் வாங்கி வைக்கிறார்கள். அமெரிக்காவில் பனிக்காலத்தில் பூச்சி கிடைக்காத நீலப்பறவைகளுக்கு இவ்வாறு உணவளிப்பவர்கள் பலர். (அங்கே அந்த நீலப்பறவையின் கூட்டைப் பறித்துக்கொள்ளும் முரடன், 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுபோய் விடப்பட்ட நம் சிட்டுக்குருவிதான்!) லண்டனில் சிட்டுக்குருவிகளுக்கே மாவுப்புழு வைத்து ஆராய்ந்தபோது, பறக்கும் பருவத்தை எட்டிய குஞ்சுகள் அதிகமாயின. ஆனால் முதிர்ந்த குருவிகளின் எண்ணிக்கை அதற்கேற்ப உயரவில்லை. தட்டில் வைக்கும் உணவு மட்டும் ஓர் உயிரைக் காப்பாற்றிவிடாது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

திண்டுக்கல் சமவெளியில் பனி இல்லை; சித்திரை, வைகாசி வெயில்தான் சோதனைக் காலம். இங்கே புழுவை விலைக்கு வாங்கத் தேவையும் இல்லை. ஆலய வளாகத்தில் ஒரு மூலையைச் சிமெண்ட் பூசாமல் விட்டு, செம்பருத்தி, மருதாணி, ஒரு முருங்கை, ஓர் அவரைப் பந்தல் வைத்து, மருந்து அடிக்காமல் இருந்தால் போதும். நாம் அருவருக்கும் அசுவினியே குருவிக்கு விருந்து. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைக்கும் ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறிக்கும் மருந்தே அடிக்காதீர்கள் என்று மறையுரையில் சொல்லிவிடுவது எளிது. கடனை எண்ணித் தூக்கமிழக்கும் விவசாயியிடம் அப்படிச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆலய வளாகத்தில் பூச்சி தின்பதால் நமக்கு எந்த நட்டமும் இல்லையே! அங்கிருந்து தொடங்கலாம்.

கைபேசிக் கோபுரங்களே குருவியை அழித்தன என்ற பேச்சுக்குத் தெளிவான ஆதாரம் இல்லை. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020-இல் வெளியான அறிக்கை, நாடு முழுவதையும் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாக உள்ளது என்றும், பெருநகரங்களில்தான் குறைந்துள்ளது என்றும் கூறியது. ஓட்டு வீட்டின் இடுக்கும், புழு கிடைக்கும் புதரும் போன இடத்தில் குருவியும் போய்விடுகிறது.

இரண்டு குருவிக்கு ஒரு காசு என்று மத்தேயு நற்செய்தியிலும் (10:29), ஐந்துக்கு இரண்டு காசு என்று லூக்காவிலும் (12:6) விலை குறிக்கப்படுகிறது. அப்படியானால் ஐந்தாவது குருவி கொசுறு! விலையே இல்லாத அதையும் தந்தை மறப்பதில்லை என்கிறார் ஆண்டவர். நாமோ நம்மிடம் மிஞ்சிய அரிசியைக் கொடுத்துவிட்டு மனநிறைவு கொள்கிறோம். ஏழையர்க்கு நாம் செய்யும் உதவியிலும் இந்தக் குறை உண்டு: அவருக்கு எது தேவை என்பதைவிட நம்மிடம் எது மிச்சம் என்பதையே முதலில் பார்க்கிறோம்.

2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடி ஊரார், தெருவிளக்கின் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டிருந்ததால், குஞ்சுகள் வளரும்வரை ஒரு மாதத்துக்கும் மேலாக விளக்கேற்றாமல் இருந்தார்கள். அந்தப் பறவைக்கு அவர்கள் தீனி எதுவும் வைக்கவில்லை. அதற்குத் தேவைப்பட்டது இருட்டு, அதைத் தந்தார்கள்.

இவ்வாண்டு கூடு வைப்போர் அட்டைக்குப் பதில் மரப்பெட்டி வையுங்கள். துளை 32 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். பெரிதானால் மைனா நுழையும். நேர் வெயில் படாத இடமாகவும், பூனை எட்டாத உயரமாகவும், மின்விசிறிக்கு அருகில் இல்லாதவாறும் பாருங்கள். ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர் வைத்து நாள்தோறும் மாற்றுங்கள். பக்கத்தில் ஒரு செடி இருக்கட்டும். அதில் புழு இருந்தால் விட்டுவிடுங்கள்.