உங்களுக்குத் தெரியுமா? 30 அடி ஈட்டியோடு மரமேறிய மாவோரிகள்

நியூசிலாந்துக் காடுகளில் கெரேரு என்றொரு பெரிய புறா உண்டு. பச்சை மினுங்கும் தலை, வெள்ளை வயிறு, எடை அரைக் கிலோவுக்கு மேல். மீரோ மரம் பழுக்கும் காலத்தில் தின்று தின்று கொழுத்துவிடும். அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி வேட்டைக்காரர்கள் காத்திருந்தது அதற்குத்தான்.

நம் பனையேறிகள் தளைநார் மாட்டுவதுபோல, அவர்களும் கால்களில் கயிற்று வளையத்தை மாட்டிக்கொண்டு மரமேறினார்கள். கையிலிருந்த ஈட்டியோ 20 முதல் 30 அடி நீளம்! தாவா மரத்தைப் பிளந்து, கல் வாய்ச்சியால் செதுக்கிச் செதுக்கி இழைத்த கம்பு அது. நுனியில் எலும்பால் செய்த, முள் வைத்த கூர்முனை. இவ்வளவு நீளமானதை எறிய முடியுமா? எறிவதில்லை. கிளைகளின் மேல் கிடத்தி, பறவை மிரளாதபடி அங்குலம் அங்குலமாக மேலே நகர்த்துவார்கள். முனை நெஞ்சருகே போனதும் ஒரே குத்து. அந்த நிதானம் எளிதில் கைவருவதல்ல!

பிடித்த புறாக்களை அவற்றின் கொழுப்பிலேயே சமைத்து, உருகிய கொழுப்பை மேலே ஊற்றிச் சுரைக்குடுக்கையில் அடைத்துவைத்தார்கள். மாதக்கணக்கில் கெடாது, விருந்துகளில் இதற்குத் தனி மதிப்பு.

ஈட்டிக்குக் கம்பு தந்த தாவாவின் பெரிய விதைகளை விழுங்கிக் காடெங்கும் பரப்புவதும் இதே கெரேருதான். 1953-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி இப்போது அதை வேட்டையாடுவது குற்றம்.