கொட்டகையில் கிடக்கும் மோட்டார் சைக்கிள்... வீட்டிலேயே ஓட வைக்கலாம்!

மாட்டுக்கொட்டகை ஓரத்தில், யூரியா சாக்கு போர்த்தி ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும். சீட்டில் கோழி அடைந்திருக்கும். அப்பா காலத்தில் பால் கேனையும் தீவன மூட்டையையும் சுமந்த வண்டி அது. பழைய இரும்புக்காரர் ஒவ்வொரு முறை வரும்போதும் எடைக்குக் கேட்பார். கொடுக்கவும் மனம் வராது, மெக்கானிக் கடைக்குத் தள்ளிப்போகவும் கை வராது. பல கிராமத்து வீடுகளில் இதுதான் நிலைமை.

1980-ல் வந்த டி.வி.எஸ் 50, 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி 100, 1994-ல் வந்த ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளின் அமைப்பு எளிமையானது. நாள்பட நின்றதால் ஸ்டார்ட் ஆகாத வண்டிகள் பலவற்றில் கோளாறு இன்ஜினில் இருக்காது, கார்புரேட்டரில்தான் இருக்கும். மோட்டார் கழற்றிப் பூட்டவும், தெளிப்பான் பழுது பார்க்கவும் பழகிய கைக்கு இது பெரிய வேலை இல்லை.

முதலில் ஆர்.சி புத்தகம்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்.சி-யை எடுத்துப் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால், வாரிசு 30 நாள்களுக்குள் அலுவலகத்துக்குத் தகவல் தெரிவித்து, 3 மாதங்களுக்குள் படிவம் 31 மூலம் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. காலம் தாண்டியிருந்தால், என்ன ஆவணம் வேண்டும், எவ்வளவு கட்டணம் என்று நேரில் விசாரித்துவிட்டுச் செலவைத் தொடங்குவது நல்லது. சேஸிஸ் எண் துருவில் மறைந்து போயிருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும்.

‘வயலுக்குத்தானே ஓட்டுகிறோம்’ என்று இதை ஒதுக்கக் கூடாது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி யார்மீதாவது மோதினால், நஷ்டஈட்டை உரிமையாளரே கட்ட நேரிடும். பழைய வண்டிக்காக நிலத்தை விற்கும் நிலை வரக் கூடாது.

இன்ஜின் சுற்றுகிறதா?

நாள்பட நின்ற வண்டியின் கிக்கரை எடுத்தவுடன் ஓங்கி உதைக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் இன்ஜின் ஆயில் சில சொட்டுகள் விட்டு, ஒரு நாள் விட்டுவிட வேண்டும். மறுநாள் டாப் கியரில் போட்டு, வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்கலாம். இன்ஜின் சுற்றினால் பாதி வேலை முடிந்தது. அசையவே இல்லையென்றால் பிஸ்டன் பிடித்திருக்கும். அதற்கு மெக்கானிக் வேண்டும்.

பிறகு டேங்க். பழைய பெட்ரோலைத் தகர டப்பாவில் வடித்துவிட வேண்டும். கிணற்று ஓரத்திலோ, வாய்க்காலிலோ ஊற்றக் கூடாது. உள்ளே துரு இருந்தால், டேங்கைக் கழற்றி, பெட்ரோல் டேப் இருந்த துளையை அடைத்து, ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டு, வினிகர் ஊற்றி ஒரு நாள் வைத்து, அவ்வப்போது குலுக்க வேண்டும். பிறகு சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, நட்டுகளை எண்ணி எடுத்து, வெயிலில் ஈரமில்லாமல் காயவிட்டு, உடனே கொஞ்சம் பெட்ரோல் விட்டு அலசி வடிக்க வேண்டும். டேங்கைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவினால், ஒரு வாரத்தில் அதே துரு வந்து அடைக்கும்.

வென்சுரியும் மிதவையும்

சொட்டுநீர்ப் பாசனம் வைத்திருப்பவர்களுக்கு வென்சுரி தெரியும். குழாயின் குறுகிய இடத்தில் தண்ணீர் வேகமாக ஓடும்போது அழுத்தம் குறைந்து, உரக்கரைசல் தானாக உறிஞ்சப்படும். கார்புரேட்டரும் அப்படித்தான். இன்ஜின் இழுக்கும் காற்று குறுகிய பாதையில் வேகமெடுக்கும்போது, கீழே உள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் மேலேறிக் காற்றோடு கலக்கிறது. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காப்பது ஒரு மிதவையும் ஊசியும். மொட்டைமாடித் தொட்டியின் மிதவை வால்வு மாதிரி.

வண்டி நிற்கும்போது கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற கசடு மிஞ்சுகிறது. சொட்டுவானில் உப்பு அடைப்பதைப் போல, அது ஜெட் துளைகளை அடைத்துவிடுகிறது. இப்போதைய பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களையும் கெடுக்கும்.

கழற்றிக் கழுவும் முறை

வேலையைத் திறந்தவெளியில் செய்ய வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் அடுப்பிலோ, விளக்கிலோ பற்றிக்கொள்ளும். பீடி, சிகரெட் பக்கத்தில் வரக் கூடாது. குழந்தைகளையும் தள்ளி வைக்க வேண்டும்.

1. பெட்ரோல் டேப்பை மூடி, டியூபைக் கழற்றி, கார்புரேட்டரை வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்துவைத்தால், திரும்பப் பூட்டும்போது குழப்பம் வராது. கழற்றும் பாகங்களை வெள்ளைத் துணியில் வரிசையாக வைக்கலாம்.

2. ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அதை மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் முடிகிறது என்று எழுதிவைக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது அதே சுற்றுதான் தொடக்கம்.

3. அடிக்கிண்ணத்தைக் கழற்றி, மிதவையின் பின்னை நோகாமல் தள்ளி எடுக்க வேண்டும். மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே தளும்பும் சத்தம் கேட்கிறதா? அப்படியானால் ஓட்டை, மாற்றிவிட வேண்டும். ஊசி முனையில் வளையம் போலத் தேய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

4. மெயின் ஜெட், ஸ்லோ ஜெட் இரண்டும் பித்தளை. சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றாவிட்டால் தலை சிதைந்துவிடும்.

5. ரப்பர் வளையங்களைத் தனியே வைத்துவிட்டு, மற்ற உலோகப் பாகங்களைப் பெட்ரோலிலோ, கார்புரேட்டர் கிளீனரிலோ ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஜெட் துளையில் ஊசியையோ இரும்புக் கம்பியையோ விடவே கூடாது. துளை பெரிதானால் மைலேஜ் போய்விடும். மின்வயரில் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பி ஒன்று போதும். எல்லாப் பாதைகளிலும் பம்பால் காற்றடித்து, மறுமுனையில் காற்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் ஜெட் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

6. பூட்டும்போது ஸ்லைடின் வெட்டுப்பகுதி ஏர் ஃபில்டர் பக்கம் இருக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரைத் திருகிவிட்டால் ‘டக்’கென்று திரும்ப வேண்டும். திரும்பாமல் சிக்கினால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

அறிகுறி சொல்லும் காரணம்

சோக் போட்டால் மட்டும் ஓடுகிறதா? ஸ்லோ ஜெட் இன்னும் அடைத்திருக்கும். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிகிறதா? மிதவை ஊசியைப் பார்க்க வேண்டும். மெதுவாக ஓடி, வேகம் எடுக்கும்போது அடைக்கிறதா? மெயின் ஜெட்டோ, டேங்க் வழியோ காரணம். பிளக் முனை கரிபடிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. இளம் பழுப்பு நிறம்தான் சரி. டி.வி.எஸ் 50 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால், பெட்ரோலில் 2டி ஆயில் கலக்க மறந்தால் பிஸ்டன் பிடித்துவிடும்.

ஓடினால் போதாது, நிற்க வேண்டும்

இன்ஜின் ஓடிய சந்தோஷத்தில் உடனே ரோட்டுக்குப் போகக் கூடாது. இரண்டு சக்கரத்தையும் கழற்றி பிரேக் ஷூ, பிரேக் வயர், செயின் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஆயிலை மாற்ற வேண்டும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3412 என்றால் 2012-ம் ஆண்டின் 34-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும், வெடிப்பு விட்ட பழைய டயரை மாற்றிவிடுவதே உயிருக்குப் பாதுகாப்பு.

பெயின்ட், சீட் கவர் எல்லாம் கடைசியில்தான். முதலில் பேப்பர், பிறகு பிரேக், பிறகு இன்ஜின், அதன்பின் அழகு என்று செலவை வரிசைப்படுத்தினால், பாதியில் பணம் தீர்ந்து வண்டி மறுபடி கொட்டகைக்குப் போகாது.

இதே கைப்பழக்கம் வேறு இடத்திலும் உதவும். பவர் ஸ்பிரேயர், களை வெட்டும் கருவி எல்லாவற்றிலும் கார்புரேட்டர் உண்டு. பருவம் முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டு, தானாக நிற்கும் வரை ஓடவிட்டு வைத்தால், அடுத்த பருவத்தில் கயிறு இழுத்துக் கை வலிக்காது. கொட்டகை வண்டிக்கும் இதுவே பாடம்: மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் கிண்ணத்துப் பெட்ரோலை வடித்துவிட்டு நிறுத்த வேண்டும்.