பத்தாயிரம் பேரில் ஒருவர்

தொழுநோய் நம் நாட்டை விட்டே நீங்கிவிட்டது என்று பலர் கூறக் கேட்கிறோம். 10,000 பேருக்கு ஒரு நோயாளி என்னும் அளவிற்கும் கீழாக அந்நோய் 1994ஆம் ஆண்டில் மலேசியாவில் இறங்கியது உண்மையே. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை அது. ஆனால் அன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ 2 கோடி. நோயாளிகள் 2,000 பேருக்குச் சற்றுக் குறைவாக இருந்திருப்பினும் எல்லை எட்டப்பட்டதாகவே கொள்ளப்பட்டிருக்கும். குறைந்தது வேறு, அற்றுப்போனது வேறு.

இக்கணக்கு எடுக்கப்படும் முறையையும் நாம் அறிதல் வேண்டும். குறிப்பிட்டதொரு நாளில் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களாய் மருந்துண்போரின் தொகையையே இது காட்டும். முற்காலத்தில் டாப்சோன் என்னும் ஒரே மருந்தைப் பல்லாண்டுகள், சிலர் ஆயுள் முழுதும், உண்டனர். அவர்தம் பெயர்களும் பதிவேட்டில் நீடித்தன. 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ உண்டால் போதும்; முடித்தவர் பெயர் நீக்கப்படும். ஆகவே புதிய நோயாளிகளின் வரவு குறையாவிடினும் மொத்தத் தொகை குறைந்து தோன்றும். இந்தியா 2005இல் இதே எல்லையை எட்டியது. அதன் பின்னரும் பல ஆண்டுகள் அங்கு ஆண்டுக்கு 1 லட்சத்திற்கும் அதிகமான புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டனர்.

பதிவேட்டில் ஏறாதவரைப் பற்றியதே நம் கவலை. கிருமி புகுந்தபின் அடையாளம் தோன்றப் பெரும்பாலும் 5 ஆண்டுகள், சிலருக்கு 20 ஆண்டுகளும் ஆகின்றன. முதலில் தோன்றுவது தேமல் போன்று வெளிறிய, அல்லது சிவந்த, ஒரு படை. படர்தாமரை அரிக்கும். இதுவோ அரிப்பதில்லை, அவ்விடத்தில் உணர்ச்சி குன்றியிருக்கும். வலி இன்மையால் எவரும் பொருட்படுத்துவதில்லை. பால்மரம் சீவுபவர் விரலில் உளி பட்டதை இரத்தம் கண்ட பின்னரே உணர்வாராயின், நரம்பு கெடத் தொடங்கியிருக்கலாம்.

மறைப்பதற்கு அச்சமும் காரணமாகும். 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ குடியிருப்பில் ஒரு காலத்தில் 2,000க்கும் மேற்பட்டோர் குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்தனர். அந்நினைவு முதியோரிடம் இன்னும் அகலவில்லை. அந்நிலை இன்று இல்லை. மருந்துண்ணத் தொடங்கிய சின்னாட்களிலேயே நோய் பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும். வீட்டைத் துறக்க வேண்டியதில்லை. வேலையையும் விட வேண்டியதில்லை. உணர்ச்சியற்ற படை காணின், தோட்ட மருந்தகத்திலோ அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திலோ காட்டுங்கள். உடன் வாழ்வோரையும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.