ராபின் சிங்: ஸ்கோர்கார்டில் ஏறாத ரன்கள்

136 ஒருநாள் போட்டி. 2336 ரன். 69 விக்கெட். 33 கேட்ச். ஒரே ஒரு சதம். டெஸ்ட் என்று பார்த்தால் மொத்தமே ஒன்றுதான், 1998-ல் ஹராரேயில். ராபின் சிங்கின் மொத்தக் கணக்கு இவ்வளவுதான். இந்த எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் 2001-லேயே ஆடி முடித்த ஒருவரை இன்னும் யாரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் எங்கள் உத்திரமேரூர் பக்கம் நாற்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது அந்தப் பேரைச் சொல்லிப் பாருங்கள். "ராபினா! என்னா டைவுப்பா அது!" என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நாளாக இப்படிப் பலரிடம் கேட்டுக் குறித்து வருகிறேன். கேட்டது ஒரே கேள்வி: ராபின் சிங் என்றதும் முதலில் என்ன ஞாபகம் வருது? வந்த பதில்களுக்கும் மேலே உள்ள எண்களுக்கும் நடுவில் ஏன் இவ்வளவு தூரம் என்பதுதான் இந்தக் குறிப்பு.

ஆள் யார்?

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக. 1963-ல் டிரினிடாடில் பிறந்தவர். படிக்க மெட்ராஸ் வந்து இங்கேயே தங்கிவிட்டார். 1987-88-ல் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாடு அணியில் ஆடியவர். 1989-ல் மேற்கிந்தியத் தீவுகளில் இந்தியாவுக்காக இரண்டே ஒருநாள் ஆட்டம். அதோடு கதவு மூடிவிட்டது. மறுபடி திறந்தது 1996 டைட்டன் கோப்பையில். அப்போது வயது 33. இன்னொருவராக இருந்தால் ஓய்வைப் பற்றி யோசித்திருப்பார். இவர் அதற்கப்புறம்தான் 134 போட்டி ஆடினார்.

மூன்று ஞாபகங்கள், கொஞ்சம் சரிபார்ப்பு

அதிகம் பேர் சொன்னது டாக்கா. 18 ஜனவரி 1998, பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. 48 ஓவரில் பாகிஸ்தான் 314. கங்குலியோடு ஆட மூன்றாவது ஆளாக ராபினை இறக்கினார்கள். இரண்டு பேரும் சேர்த்தது 179. கங்குலி 124, ராபின் 82. ஒரு பந்து மிச்சம் இருக்கும்போது இந்தியா ஜெயித்தது. அன்றைய தேதிக்கு ஒருநாள் போட்டியில் அதுதான் உலகத்திலேயே பெரிய சேஸ்.

இரண்டாவது கொழும்பு, ஆகஸ்ட் 1997. இலங்கை 302. நாலு விக்கெட் போன பிறகு அசாருதீனும் ராபினும் 223 சேர்த்தார்கள். அவருடைய ஒரே சதம் இதில்தான். அந்த ஆட்டத்தில் இந்தியா 2 ரன்னில் தோற்றது.

மூன்றாவது டான்டன், 1999 உலகக் கோப்பை. கங்குலி 183, திராவிட் 145 என்று எல்லாருக்கும் தெரியும். அதே ஆட்டத்தில் ராபின் 31 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். இது நான் கேட்டவர்களில் ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் ஞாபகம் இருந்தது.

டாக்காவைப் பற்றிப் பேசிய பலர் "கடைசி ஃபோர் ராபின் அடிச்சதுதானே?" என்று கேட்டார்கள். இல்லை, அது கனித்கர். சக்லைன் பந்தில், 2 பந்தில் 3 ரன் வேண்டிய நேரத்தில் அடித்தது. ராபின் அவுட் ஆனபோது ஸ்கோர் 250. இன்னும் 65 ரன் பாக்கி.

ஒரு கல்யாணத்தில் ஓடியாடி வேலை செய்த மாமாவே பந்தியும் பரிமாறினார் என்று பிற்பாடு சொல்வோமில்லையா, அது மாதிரிதான் இது. யார் அதிகம் உழைத்தார் என்று மனசு முடிவு செய்கிறதோ, அவர் கணக்கில் மற்றவர் செய்ததும் சேர்ந்துவிடுகிறது. தகவலாகத் தப்பு. ஆனால் அன்றைக்கு ஜனங்கள் யாரை நம்பி உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

நடக்காத ரன்னை எங்கே எழுதுவது?

இன்னொரு விஷயம். நிறைய பேர் எந்த ஆட்டத்தையும் குறிப்பிடவே இல்லை. "பாயிண்ட்ல நிப்பாரு, பந்து தாண்டாது" என்று மட்டும்தான் சொன்னார்கள். எந்த ஊர், எந்த அணி, ஒன்றும் தெரியாது.

காரணம் எளிது. ஒரு பேட்ஸ்மேன் பாயிண்ட் பக்கம் தட்டிவிட்டு இரண்டு அடி ஓடி வருகிறார். பந்தை எடுக்கப் போவது யார் என்று பார்த்ததும் "நோ!" என்று கத்தித் திரும்பிப் போகிறார். ஸ்கோர்புக்கில் அது வெறும் புள்ளி. பந்து போட்டவர் கணக்கில் ஒரு டாட் பால். நின்றவர் கணக்கில் ஒன்றுமில்லை. டைவ் அடித்து ஃபோரை ஒரு ரன்னாக்கினால் மூன்று ரன் மிச்சம், அதற்கும் இடமில்லை. ரன் அவுட்டுக்குக்கூட ஒரு வீரரின் மொத்தக் கணக்கில் கேட்ச் மாதிரி தனிக் கட்டம் கிடையாது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், நடக்காத சம்பவத்துக்கு லாக் பதிவாகாது. 2 ரன்னில் ஜெயிப்பதும் தோற்பதுமாக இருக்கிற ஒரு விளையாட்டில் இது சின்ன ஓட்டை இல்லை.

அந்த ஓட்டையை ரசிகர்களின் ஞாபகம் அடைத்து வைத்திருக்கிறது.

கல்வெட்டு ஊர்க்காரன் என்பதால் எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு எங்கள் ஊர்ச் சுவரில் ஆயிரத்து நூறு வருஷமாக இருக்கிறது. யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று அவ்வளவு துல்லியம். குடத்திலிருந்து ஓலையை எடுக்க விவரம் அறியாத ஒரு சிறுவன் வேண்டும் என்றுகூட இருக்கிறது. எடுத்த சிறுவர்களின் பெயர்தான் இல்லை.

ஒவ்வொரு டீமிலும் ஒரு ராபின்

எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். அறுப்பு முடிந்த வயலில் ரப்பர் பந்து ஆடிய எல்லா கிராமத்து டீமிலும் ஒரு பையன் இருப்பான். பேட்டிங் ஏழாவதோ எட்டாவதோ வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பந்து போடவும் விடமாட்டார்கள். முன்பெல்லாம் அவன் 'ஒப்புக்குச் சப்பாணி'. 1997-க்கு அப்புறம் அவனுக்கு ஒரு பேர் கிடைத்தது: "டேய் ராபின், பாயிண்ட்ல நில்லுடா!" தாள் குத்தி முழங்கை கிழிந்தாலும் விழுந்து பிடிப்பான். சச்சினாக ஆக முடியாது என்று தெரிந்த பையனுக்கு ஆகக்கூடிய ஓர் ஆள் டிவியில் தெரிந்தார். அதுவும் 33 வயதில் திரும்பி வந்த ஆள்.

அவர் பின்னால் இந்திய அணிக்கே ஃபீல்டிங் கோச் ஆனார். 2007 டி20 உலகக் கோப்பையை வென்ற அணிக்கும் அவர்தான். அது பதிவில் இருக்கிறது. அந்தப் பையன்கள் பதிவில் இல்லை. அவர்களுக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது.

அதனால்தான் சொல்வதைச் சொன்னபடியே குறித்து வைக்கிறேன்: எந்த ஊர், யார் வீட்டு டிவி, சாலிடேரா டயனோராவா, கரண்ட் இருந்ததா, அடுத்த நாள் யார் விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டான். தப்பான ஞாபகத்தையும் அழிக்காமல், பக்கத்தில் சரியான ஸ்கோரை எழுதி வைக்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு பழைய ராபின் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டு எழுதி வையுங்கள்.