விநியோக ஓட்டுநரின் வருவாயும் ஊர்தோறும் மாறும் வாழ்க்கைச் செலவும்: தாசேக் கெலுகோரை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

வட செபராங் பிறை மாவட்டத்தில், நெல்வயல்கள் சூழ அமைந்த சிற்றூர் தாசேக் கெலுகோர். பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே செல்லும் இருப்புப் பாதையில் புக்கிட் மெர்தாஜாமுக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் இடையே அதன் நிலையம் உள்ளது. இத்தகைய ஊர்களிலும் செயலிவழி உணவும் பொருளும் கொண்டு சேர்க்கும் தொழில் இளைஞர் பலருக்கு முதல் வேலையாகியுள்ளது. ‘பட்டணத்தில் வருவாய் அதிகம், செலவும் அதிகம், சிற்றூரில் வருவாய் குறைவு, செலவும் குறைவு, ஆகவே இரண்டும் ஒன்றே’ என்னும் கருத்து மக்களிடையே பரவலாக வழங்குகிறது. இக்கருத்து விநியோக ஓட்டுநருக்குப் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஊருக்கேற்ற ஊதியம்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

வாழும் இடத்தைக் கருதி ஊதியத்தை வரையறுப்பது இந்நாட்டுத் தமிழருக்குப் புதிதன்று. 1920களில் மலாயாத் தோட்டங்களில் பணியாற்றிய தென்னிந்தியத் தொழிலாளர்க்கு, அவர்தம் உணவு, உடை முதலிய செலவுகளைக் கணக்கிட்டுத் ‘தர ஊதியம்’ நிறுவப்பட்டது. அப்பதிற்றாண்டின் இறுதியில், போக்குவரத்து எளிதாக இருந்த பகுதிகளில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் வழங்கப்பட்டன. பகாங் போன்ற தொலைவான பகுதிகளிலோ அவை முறையே 58 காசும் 46 காசுமாக இருந்தன. பண்டங்கள் உட்பகுதிக்குச் சென்று சேரும்போது அவற்றின் விலை ஏறிவிடும் என்பதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். ரப்பர் விலை சரிந்த 1930இல் இவ்விகிதங்கள் குறைக்கப்பட்டன. எனினும், தொலைவு என்பது செலவு என்னும் உண்மையை அன்றைய கணக்கு ஏற்றுக்கொண்டிருந்தது என்பது நோக்கத்தக்கது.

தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த கணக்கு இதற்கு நேர்மாறானது. 2020 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச ஊதிய ஆணை, மாநகராட்சி, நகராண்மைக் கழகப் பகுதிகளுக்கு 1,200 ரிங்கிட்டும் ஏனைய பகுதிகளுக்கு 1,100 ரிங்கிட்டும் விதித்தது. செபராங் பிறை முழுவதும் 2019இல் மாநகராகியமையால், வயல்சூழ் தாசேக் கெலுகோரும் அவ்வாணையின்படி நகரமாயிற்று. மாவட்ட மன்றத்தின் கீழிருந்த பாலிங் போன்ற ஊர்களுக்குக் குறைந்த விகிதமே உரித்தாயிற்று. ஆட்சி எல்லை என்பது வாழ்க்கைச் செலவின் எல்லையன்று என்பதற்கு இது தக்க சான்று. 2022இல் 1,500 ரிங்கிட், 2025இல் 1,700 ரிங்கிட் என விதித்த பின்னைய ஆணைகளில் இவ்விட வேறுபாடு நீக்கப்பட்டது.

ஓட்டுநரின் நிலை

மேற்கூறிய ஆணைகள் எவையும் செயலிவழி ஓட்டுநரைத் தழுவவில்லை. அவர் தொழிலாளி எனக் கருதப்படாமல் சுயதொழில் புரிபவராகக் கருதப்படுவதே இதற்குக் காரணம். முழுநேரத் தொழிலாளிக்கு முதலாளி செலுத்தும் ஊழியர் சேமநிதிப் பங்கு இவருக்கு இல்லை. 5,000 ரிங்கிட் வரையிலான ஊதியத்திற்கு அப்பங்கு 13 விழுக்காடு. எனவே 1,700 ரிங்கிட் ஊதியத்தின் உண்மை மதிப்பு 1,921 ரிங்கிட் ஆகும். தொழிலுக்குரிய கருவியாகிய மோட்டார் சைக்கிளும் ஓட்டுநரின் பொறுப்பே. தவணை, எண்ணெய், வட்டகை, சங்கிலி, காப்புறுதி, தேய்மானம் ஆகிய அனைத்தும் அவர் கையிலிருந்தே கழிகின்றன. ஆகவே கைக்கு வரும் தொகை வேறு, கையில் நிற்கும் தொகை வேறு என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

இதனை விளக்க நாம் ஒரு கணக்கை அமைத்துக்கொள்வோம். இதில் வரும் விநியோகக் கட்டணங்களும் தொலைவுகளும் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவையே. வாகனச் செலவு கிலோமீட்டருக்கு 20 சென் என்றும், மாத உழைப்பு நாளுக்கு 7.5 மணி வீதம் 26 நாள், அதாவது 195 மணி என்றும் கொள்வோம். 1,700 ரிங்கிட் மாத ஊதியத்திற்கு அரசு வகுத்துள்ள மணிக்கூலி 8.72 ரிங்கிட். அதுவே நம் அளவுகோல்.

ஜார்ஜ்டவுனில் உணவகமும் வீடும் அருகருகே உள்ளன. மணிக்கு 2.5 விநியோகம், ஒன்றுக்கு 6 ரிங்கிட், போய்வரும் தொலைவு 5 கிலோமீட்டர் எனில், வரவு 15 ரிங்கிட், வாகனச் செலவு 2.50 ரிங்கிட், எஞ்சுவது 12.50 ரிங்கிட். மாதத்திற்கு 2,437.50 ரிங்கிட்.

தாசேக் கெலுகோரில் வீடுகள் கம்பங்களிலும் குடியிருப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன. தொலைவு கருதிக் கட்டணம் 7 ரிங்கிட்டாக உயர்ந்தாலும், மணிக்கு 1.5 விநியோகம், ஒன்றுக்குப் போய்வர 10 கிலோமீட்டர் எனில், வரவு 10.50 ரிங்கிட், செலவு 3 ரிங்கிட், எஞ்சுவது 7.50 ரிங்கிட். மாதத்திற்கு 1,462.50 ரிங்கிட். சிற்றூரில் கட்டணம் உயர்ந்தும் வருவாய் தாழ்வதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரம். மற்றொன்று, வெறுங்கையுடன் திரும்பும் வழி. இவ்விரண்டிற்கும் கூலி இல்லை.

இரு ஊர்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடு 975 ரிங்கிட். சிற்றூர் வாழ்வு இவ்வளவு மலிவாக இருந்தால்தான் ‘இரண்டும் ஒன்றே’ என்னும் கூற்று மெய்யாகும். வீட்டு வாடகை குறையலாம். பெற்றோர் வீட்டில் வாழ்பவர்க்கு அது இல்லாமலும் போகலாம். ஆனால் பெட்ரோல், கைப்பேசிக் கட்டணம், வாகனத் தவணை, பால்மாவு ஆகியவை ஊர் பார்த்து விலை குறைவதில்லை.

பாலம் கடந்து உழைத்தல்

‘சிற்றூரில் வாழ்ந்து பட்டணத்தில் உழைத்தால் என்ன?’ என்னும் வினா இயல்பாக எழும். 2019 சனவரி முதல் பினாங்கின் இரு பாலங்களிலும் மோட்டார் சைக்கிள்களுக்குச் சுங்கக் கட்டணம் நீக்கப்பட்டமை இதற்குத் துணை செய்கிறது. எனினும், ஒருவழித் தொலைவை 35 கிலோமீட்டர் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 14 ரிங்கிட்டும் மாதத்திற்கு 364 ரிங்கிட்டும் செலவாகும். எஞ்சுவது 2,073.50 ரிங்கிட். நாளொன்றுக்கு இரண்டு மணி வீதம் 52 மணிப் பயணத்தையும் சேர்த்தால் உழைப்பு 247 மணியாகிறது. மணிக்கூலி ஏறத்தாழ 8.39 ரிங்கிட்டாகக் குறைந்து, அளவுகோலுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. மாதத் தொகையை மட்டும் நோக்குவோர்க்கு இவ்விழப்பு புலப்படாது. இழக்கப்படுவது உறக்கமும் குடும்பத்துடன் இருக்கும் பொழுதுமாகும்.

போதிய வருவாய் எது?

பேங்க் நெகாரா 2018இல் வெளியிட்ட கட்டுரை, 2016ஆம் ஆண்டு நிலவரப்படி கோலாலம்பூரில் தனியொருவர் கண்ணியமாக வாழ 2,700 ரிங்கிட் தேவை என மதிப்பிட்டது. ஊழியர் சேமநிதி வாரியமும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சமூக நல்வாழ்வு ஆய்வு மையமும் 2019இல் வெளியிட்ட ‘பெலாஞ்சாவான்கு’ வழிகாட்டி, கிள்ளான் பள்ளத்தாக்கில் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தும் தனியருக்கு 1,870 ரிங்கிட்டும் மகிழுந்து வைத்திருப்பவருக்கு 2,490 ரிங்கிட்டும் தேவை எனக் கணித்தது. சொந்த வாகனம் ஒருவர் செலவை எவ்வளவு உயர்த்துகிறது என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது. இவை தலைநகர் சார்ந்த, விலை ஏற்றத்திற்கு முந்தைய கணக்குகள். தாசேக் கெலுகோருக்கு அப்படியே பொருந்தா. ஆயினும், அங்குள்ள ஓட்டுநர் குடும்பம் தொடங்கும்போது 1,462 ரிங்கிட் போதாது என்பதை உணர இவை போதுமானவை.

முடிவுரை

சுயதொழில் புரிவோர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017 விபத்துக் காப்புறுதிக்கு வழிசெய்தது. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கிக் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தம், முறையீடு, தீர்ப்பாயம் ஆகியவற்றுக்கு இடமளித்துள்ளது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும், கட்டணம் குறித்துப் பேசப்படும் இடங்களிலெல்லாம் காத்திருக்கும் நேரமும் திரும்பும் வழியும் கணக்கில் சேர்தல் வேண்டும் என்பது நம் கருத்து. தொலைவுக்கு 8 காசு கூட்டித் தந்த ஒரு கணக்கு நம் முன்னோர் காலத்திலேயே இருந்தது. இடைநிலைப்பள்ளியை முடித்து வெளியேறும் மாணவர், வேலையைத் தேர்வதற்கு முன் தம் ஊரின் தொலைவையும் நேரத்தையும் இட்டு இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்க ஆசிரியர்கள் துணைநிற்பின், அது பயனுள்ள பாடமாக அமையும்.